இடப்பக்கம் வைத்த நண்டு

தம்பி,

இந்தக் கடிதத்தை அப்பா உன் கையில் தந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிக் காருக்குப் போய்விடுவார். ஏன் என்று அவரைக் கேட்காதே. நான்தான் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். திறந்தால் உன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு எல்லாவற்றையும் மழுப்பிவிடுவார். தமிழில் எழுதியிருக்கிறேனே என்று முகத்தைச் சுளிக்காதே. சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னை அழ அழத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். போனில் எழுதினால் நீ பாதி வாசித்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். கடதாசியில் எழுதியதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அது கடைசியில் வரும். களவாகக் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே, உன்னை எனக்குத் தெரியும்.

நாளைக்கு நீ அயர்லாந்துக்குப் போகிறாய். டப்ளினில் ஒரு கிரிக்கெட் கிளப் காசு கொடுத்து உன்னைக் கூப்பிட்டு, ஒரு சீசன் முழுவதும் விளையாடச் சொல்லியிருக்கிறது. இங்கே அஜக்ஸில் எங்கள் வீட்டுத் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற மனிதருக்குக்கூட அப்பா அதைச் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசையில் பங்குச் சுவாமி உன் பெயரைச் சொல்லி ஆசீர்வதித்தபோது கோயிலே கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் குளிர்ந்துபோனது. சந்தோசமான நேரத்தில் இவள் ஏன் ஒப்பாரி வைக்கிறாள் என்று நீ நினைப்பாய். நினை. ஆனால் நீ போகிற அதே ஊரில் நூறு வருசத்துக்கு முன் விளையாடிய ஒருவருடைய கதையை முழுக்கக் கேட்டுவிட்டு நினை. அவருடைய மகளின் மடியில்தான் நீ தவழ்ந்தாய்.

அந்த மகளை, மிஸிஸ் நோலனை, உனக்கு நினைவிருக்காது, அவர் செத்தபோது நீ சின்னப்பிள்ளை. டொரோன்டோவில், வெக்ஸ்போர்ட் பக்கம், அவருடைய வீட்டு பேஸ்மென்ட்டில்தான் நானும் அப்பாவும் இந்த நாட்டுச் சீவியத்தைத் தொடங்கினோம். கோயிலில் என்னைக் கண்டு, செபமாலை சொல்லுகிற பெண் வாடகை கொடுக்காமல் ஓடமாட்டாள் என்று நம்பி இடம் தந்தவர். முழங்கால் வருத்தத்தால் அவருக்குக் குனிய ஏலாது. நான் மேலே போய் வீட்டைத் துடைத்துக் கொடுப்பேன், அவர் உன்னை மடியில் வைத்திருப்பார். அந்த வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கியது. வெள்ளை உடுப்பு, கையில் மட்டை, மெல்லிய மீசை. அவருடைய தகப்பன். அயர்லாந்து அணிக்கு விளையாடியவர்.

உன் அப்பாவைக் கட்டினவளுக்குக் கிரிக்கெட் தெரியாமல் இருக்குமா? "தோளைக் காட்டு, நெஞ்சைக் காட்டாதை" என்று அவர் தன் கிளப் பெடியங்களைப் பார்த்துக் கத்தும் சத்தத்தில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போயின. அந்தப் படத்தில் இருந்த மனிதரோ நெஞ்சை முழுக்கப் பந்து வருகிற பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். கொஞ்ச நாள் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் கேட்டேன், உங்கள் அப்பா ஏன் இப்படி நிற்கிறார் என்று. மிஸிஸ் நோலன் உன் தலையைத் தடவிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவர் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் எனக்கு எல்லாம் நம்முடைய பேச்சிலேயே நினைவில் நிற்கிறது. "எல்லாரும் எவ்வளவு வடிவா நிக்கிறார் எண்டுதான் சொல்லுறவை. ஏன் எண்டு கேட்ட முதல் ஆள் நீதான் பிள்ளை. இரு, தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேள்" என்றார்.

படத்தில் இருந்தவர் டப்ளினில் ஒரு துணிக்கடைக்காரரின் மகன். பள்ளிக்கூடப் பெடியனாக இருக்கும்போதே கிளப் அவரைப் பிடித்துப் போட்டுவிட்டது. மீசை அரும்ப முன்னமே நாட்டு அணியில் இடம். வலக்கை மட்டைக்காரர், உன்னைப் போல. இடது காலை நீட்டிவைத்து ஒரு அடி அடிப்பாராம், பந்து புல்லை உரசிக்கொண்டு போகுமாம். அந்த அடிக்காகவே ஒரு வங்கியில் வேலை கொடுத்தார்கள். கணக்குத் தெரிந்ததால் அல்ல, அந்த வங்கிக்கும் ஒரு அணி இருந்தது. இருபத்துச் சொச்ச வயதில் அவருக்கு எல்லாமே மட்டையால்தான் வந்தது. சோறு, உடுப்பு, ஊரில் மரியாதை, பெண் பார்க்கப் போனால் கதவு திறப்பது, எல்லாம்.

அந்த நேரம் அணி கப்பலேறி அமெரிக்காவுக்கும் இங்கேயும் விளையாட வந்தது. ஓம், இங்கே, டொரோன்டோவில்தான். காலையில் மழை பெய்து வெயிலில் காய்ந்த தரை. குத்திய பந்து ஒன்று ஏறிவந்து அவருடைய இடது கண்ணில் பட்டது. துணியால் கட்டிக்கொண்டு திரும்ப வந்து ஆடினாராம். சனம் தொப்பிகளைக் கழற்றி மேலே எறிந்து ஆரவாரித்ததாம். "அந்தக் கைதட்டல்தான் அப்பாவைக் கெடுத்தது" என்றார் மிஸிஸ் நோலன். ஊருக்குத் திரும்பும் கப்பலில், மேல்தட்டில் நின்றபோது இடப்பக்கம் மின்னல் வெட்டியிருக்கிறது. மழை வரப்போகிறது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தாராம். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவர் நெஞ்சைத் திருப்பி நிற்கத் தொடங்கினார். இடது கண்ணில் மூலையிலிருந்து ஒரு கறுப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு வந்தது. தோளைக் காட்டி நின்றால் வலது கண்ணுக்கு மூக்கு மறைக்கும், அதனால் உடம்பையே திருப்பினார். யாருக்குச் சொல்வது? சொன்னால் அணி போகும், அணி போனால் வங்கி போகும். இதில் பகிடி என்ன என்றால், அந்த வருசம் அவர் முன்னெப்போதும் அடிக்காத அடி அடித்தார். புதுப் பாணி என்று பேப்பர்காரர் புகழ்ந்தார்கள். படம் பிடித்தார்கள், அதுதான் சுவரில் தொங்கிய படம். பள்ளிக்கூடப் பெடியங்கள் எல்லாம் இரண்டு நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அவரைப் போல நெஞ்சைத் திருப்பி நின்றார்கள். ஒரு மனிதன் குருடாகிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஊரே கைதட்டிப் பழகியது, தம்பி.

பிறகு போர் வந்தது, விளையாட்டு நின்றது. போர் முடிந்து திரும்ப வந்தபோது அவருக்கு இடப்பக்கத்தில் வரும் பந்துகள் கையிலிருந்து நழுவின. குடிக்கிறார் என்று கதை கட்டினார்கள். அதையும் அவர் மறுக்கவில்லை. குடிகாரனை அணியில் வைத்திருப்பார்கள், குருடனை வைத்திருக்கமாட்டார்கள். முன்வரிசையில் ஆடியவரை இறக்கி இறக்கிக் கடைசி வரிசைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில் ஒரு நாள், நீ போய் விளையாடப்போகிற அந்த ஊரிலேயே, ஒரு வேகப்பந்து எழும்பி வந்தது. "அப்பா அந்தப் பந்தைக் காணவேயில்லை. கண்டிருந்தா தலையை விலத்தியிருப்பார்" என்றார் மிஸிஸ் நோலன். அது வலது கண்ணில் பட்டது. அதோடு அவருக்கு விளையாட்டும் முடிந்தது, வெளிச்சமும் முடிந்தது. வங்கி வேலையும் போய், மனைவியைக் கூட்டிக்கொண்டு, இங்கே முதலே வந்திருந்த தமையனை நம்பி இந்த நாட்டுக்கு வந்தார். மிஸிஸ் நோலன் பிறந்தது அதற்கும் பல வருசம் கழித்து. "என்ர அப்பா என்னை ஒருநாளும் கண்டதில்லை. விரலாலதான் என்ர முகத்தைப் பாத்தவர். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒருக்கா பாப்பார், எவ்வளவு மாறியிட்டன் எண்டு." சொல்லிக்கொண்டே உன் முகத்தைத் தன் விரலால் தடவிக் காட்டினார். உனக்குக் கூச்சம், நீ சிரித்தாய்.

இவ்வளவையும் எழுதியது இனிச் சொல்லப்போவதற்காகத்தான். நான் அன்றைக்கு அவரிடம் கேட்டேன், வீட்டில் ஒருவருக்கும் தெரியாதா என்று. "அப்பாவின்ர தாய்க்குத் தெரியும்" என்றார். அந்தத் தாய் மகனுக்குத் தேத்தண்ணியை இடப்பக்கம் வைக்கும்போது அவர் அது எங்கே என்று கேட்பாராம். கை பட்டுக் கோப்பை விழுமாம். தாய் ஒன்றும் பேசாமல் வலப்பக்கம் வைக்கத் தொடங்கினார். பிறகு விளக்கை வலப்பக்கம் மாற்றினார். கதிரையை, வெந்நீர்ப் பானையை, நாயின் படுக்கையை எல்லாம் மாற்றினார். மகனுடைய சந்தோசத்தில் மண்ணள்ளிப் போடக்கூடாது என்று வீடு முழுவதையும் மாற்றினாரே தவிர, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும்போதுதான் மருமகளைக் கூப்பிட்டு, "எனக்கு முதலே தெரியும்" என்றாராம். அதைக் கேட்டு எனக்கு அந்தக் கிழவியின் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நீயும் ஒரு தாயா என்று வீடு துடைத்துக்கொண்டே அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

இனி உன்னுடைய கதை. போன கோடை முடிவில் ஸ்காபரோ பார்க்கில், சிமெந்துத் தரையில் பாய் விரித்து விளையாடுவீர்களே, அங்கே நீ மட்டைக்காரனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் குந்தி நின்றாய். வெக்கையாக இருக்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தாய். பந்து உன் இடது கண்ணோரம் பட்ட சத்தம் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது. நான் குளிர்பெட்டி ஐஸை அள்ளிக்கொண்டு ஓடிவந்தேன். "ஐ ஆம் ஓகே அம்மா, ஆக்கள் பாக்கினம்" என்றாய். அப்பாவும் எலும்பு முறியேல்லை என்று சொல்லி உன் முதுகில் தட்டினார். அடுத்த நாள் கிளினிக்கில் அந்த டொக்டர் பிள்ளை உன்னிடம் தெளிவாகச் சொன்னாள், மின்னல் மாதிரி வெட்டினாலோ கறுப்புச் சீலை மாதிரி ஏதாவது மறைத்தாலோ ஒரு நாளும் சுணங்காமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று. நீ தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கொஞ்ச நாள் கழித்து 401 நெடுஞ்சாலையில் என்னை வேலைக்குக் கொண்டுபோகும்போது, "உவன் ஏன் ஹை பீம் அடிக்கிறான்" என்று சினந்தாய். நான் திரும்பிப் பார்த்தேன். இடப்பக்க லேனில் ஒரு காரும் இல்லை, தம்பி.

குளிர்காலம் முழுவதும் நீ உள்ளரங்கில் பயிற்சி எடுத்தாய். அதை அப்பா வீடியோ எடுத்துத் தன் கூட்டாளிகளுக்கெல்லாம் அனுப்பினார். "ஓப்பின் ஸ்டான்ஸ், புது டெக்னிக், கலக்கிறான்" என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். வேலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் நானும் அதைத் திறந்து பார்த்தேன். உன்னைத்தான் பார்த்தேன், ஆனால் மிஸிஸ் நோலனின் முன்னறைச் சுவரைக் கண்டேன். நெஞ்சு முழுக்கத் திரும்பி, முகவாய் இடது தோளைத் தாண்டி, அப்படியே அதே நிலை. உனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தோளைக் காட்டச் சொல்லிக் கத்திய மனிதர், அந்த வீடியோவில் பின்னாலிருந்து "அப்பிடித்தான், அப்பிடித்தான்" என்கிறார். சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டுத் திரும்பவும் அதையே ஓட்டிப் பார்த்தேன்.

அப்படியும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊர்வாயை எல்லாம் மூடுகிற வாய் எனக்கு, ஆனால் உன்னிடம் கேட்கப் பயம். பாஸ்குப் பெருநாளன்று, உயிர்த்த ஞாயிறு மதியம், உனக்கென்று சமைத்த நண்டுக்கறியை வேண்டுமென்றே உன் இடது முழங்கையோரம் வைத்தேன். மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வைத்தேன். நீ சோற்றைப் போட்டாய், பருப்பைப் போட்டாய், மேசையைச் சுற்றிப் பார்த்தாய். "அம்மா, நண்டு சமைக்கேல்லையே? சமைக்கிறன் எண்டு சொன்னனீங்கள்" என்றாய். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "மூக்குக்குக் கீழ வைச்சிருக்கு, உனக்குக் கண் தெரியேல்லையே" என்றார். நீயும் சிரித்தாய், கொஞ்சம் பிந்திச் சிரித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இஞ்ச இருக்கு ராசா" என்று அந்தச் சட்டியைத் தூக்கி உன் வலப்பக்கம் வைத்தேன்.

குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஐரிஷ் கிழவியை எத்தனை நாள் திட்டினேன், கடைசியில் அவர் செய்ததையே நானும் செய்துவிட்டு வந்து நிற்கிறேன். சட்டியை மாற்றிவைப்பது எவ்வளவு லேசு, தம்பி. ஒரு வார்த்தை கேட்பது எவ்வளவு பாரம். அன்றைக்கு நீ போகும்போது உன்னைக் கொஞ்சினேன். உன் காரின் இடப்பக்கக் கண்ணாடி உரசிக் கிடந்ததையும் கண்டேன். அப்போதும் ஒன்றும் கேட்காமல் கையசைத்து அனுப்பினேன்.

அப்பாவிடம் சொன்னபோது, "உனக்கென்ன விசரே? அவன்ர டெக்னிக் அது. போற நேரத்தில பிள்ளையைக் குழப்பாதை" என்று பாய்ந்தார். நான் சண்டை பிடிக்கவில்லை, உனக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். கறி கிண்டுகிற அகப்பையை அவர் கையில் கொடுத்தேன். "மட்டை பிடிக்கிற மாதிரி நில்லுங்கோ. இடது கண்ணை மூடுங்கோ. நான் உள்ளி எறியிறன், அடியுங்கோ" என்றேன். என்னைத் திட்டிக்கொண்டே தோளைக் காட்டி நின்றார். முதலாவது உள்ளிப்பூண்டு அவர் காதடியால் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதுக்கு, நான் ஒன்றும் சொல்லாமலே, அவருடைய கால் தன்பாட்டில் நகர்ந்தது. நெஞ்சு என் பக்கம் திரும்பியது. உள்ளி அகப்பையில் பட்டது. அவர் தான் நிற்கிற நிலையைக் குனிந்து பார்த்தார். அகப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர், பொழுதுபட்டும் எழும்பவில்லை. அவர் அழுது நான் கண்டது அதுதான் முதல்.

நீ ஏன் ஒளிக்கிறாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவின் முகம் மலர்வதற்கு உனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். இப்போது ஒரு கிளப் கூப்பிடுகிறது, கோயிலே கைதட்டுகிறது, இதில் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது? போனால் நிற்கச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். சொல்லத்தான் செய்வார்கள். இடது கண்ணில் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவைக் காப்பாற்றலாம் என்று எனக்குத் தெரியாது. பிந்திவிட்டதோ என்றும் தெரியாது. கண் கெட்ட பிறகு என்று தொடங்குகிற ஒரு பழமொழி இருக்கிறது. அதை மிச்சமும் எழுத என் கை வராது. ஆனால் வலது கண் இன்னும் முழுசாக இருக்கிறது. அங்கே புல்தரையில், உன் முகம் தெரியாத ஒருவன் ஓடிவந்து வீசப்போகிறான். உனக்குப் பாதிதான் தெரிகிறது என்று அவனுக்குத் தெரியாது. பாவம், அவன் தன் வேலையைத்தான் செய்வான்.

நான் உன் டிக்கெட்டை ஒளிக்கவில்லை. பாஸ்போர்ட்டும் உன்னிடம்தான் இருக்கிறது. நீ வளர்ந்தவன், உன் காலில் விழுந்து மறிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று, இன்றைக்கு நீ ஆஸ்பத்திரிக்கு வராமல் நாளைக்கு விமானம் ஏறினால், நீ இறங்க முன்னம் நான் டப்ளினுக்குப் போன் எடுப்பேன். என் இங்கிலீஷைப் பற்றி நீ எத்தனை பகிடி விட்டாலும், உன் கிளப்புக்கு அது நன்றாக விளங்கும். வாழ்நாள் முழுக்க என்னோடு பேசாமல் இரு. என் முகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு பேசாமல் இரு. எனக்கு அது போதும்.

இப்போது கடைசிக்கு வந்துவிட்டோம். வலது கண்ணை உள்ளங்கையால் நன்றாகப் பொத்து. விரலிடுக்கால் பார்க்காதே, ஒளித்துப் பிடித்து விளையாடும்போது நீ அப்படித்தான் களவு செய்வாய். பொத்தினாயா? சரி. கீழே பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை வாசி.

இதை உன்னால் வாசிக்க முடிந்தால், உன் அம்மா ஒரு விசரி. யன்னலால் அப்பாவுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்ப் பெட்டியை அடுக்கு. கருவாடு பொரித்துக் கட்டித் தருகிறேன், கொண்டுபோ.

முடியாவிட்டால், நீ கையை எடுத்துவிட்டுத்தான் இந்த வரியை வாசிக்கிறாய். பயப்படாதே, ராசா. நானும் காருக்குள்தான் இருக்கிறேன், பின் சீட்டில். நீ ஏறினால் உன் இடப்பக்கம் நான் இருப்பேன். இறங்கி வா.

அம்மா